11 வாரம்: பவுலா ராட்கிளிஃபின் உடம்பு போட்ட கணக்கு

2004 நவம்பர் 7. நியூயார்க் மாரத்தானின் கடைசிக் கட்டம், சென்ட்ரல் பார்க். இரண்டு பெண்கள் தோளோடு தோள் உரச ஓடிவருகிறார்கள். ஒருவர் கென்யாவின் சூசன் செப்கெமெய். மற்றவர் ஒவ்வொரு அடிக்கும் தலையைக் குலுக்கிக்கொண்டே வருகிறார். அந்தத் தலையாட்டலை வைத்தே தூரத்திலிருந்து சொல்லிவிடலாம், பிரிட்டனின் நெடுந்தூர ஓட்டக்காரர் பவுலா ராட்கிளிஃப் என்று. எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் செப்கெமெயை விட்டு விலகி, 2 மணி 23 நிமிடம் 10 விநாடியில் முடித்தார். இருவருக்கும் நடுவே சில விநாடிதான்.

அதற்குச் சரியாக 11 வாரம் முன்பு, ஆகஸ்ட் 22 அன்று, இதே ராட்கிளிஃப் ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில் 36 கி.மீ. அளவில் நின்றுவிட்டார். திரும்ப ஓடப் பார்த்தார், கால் வரவில்லை. சாலையோரம் உட்கார்ந்து அழுதார். ஐந்து நாள் கழித்து 10,000 மீட்டரில் இறங்கி, 8 சுற்று மிச்சமிருக்கும்போது அதையும் விட்டு வெளியேறினார்.

நாலு வருஷம் கழித்தும் இதேதான் நடந்தது. 2008 ஆகஸ்ட் 17, பெய்ஜிங்: 23-ஆவது இடம், 2:32:38. நவம்பர் 2, நியூயார்க்: முதலிடம், 2:23:56. நடுவே எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள், 77. 2004-இலும் 77.

பெரிய மேடை என்றால் அவருக்கு மனசு உடைந்துவிடும் என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. 2005 ஹெல்சின்கி உலகச் சாம்பியன்ஷிப்பில் 2:20:57 ஓடித் தங்கம் வாங்கியவரைப் பற்றி அப்படிச் சொல்வது பொருந்தாது. மனசுக்குப் போகுமுன் காலையும் வயிற்றையும் பார்ப்பது நல்லது. ஒலிம்பிக் தேதி நாலு வருஷத்துக்கு முன்பே குறித்தாகிவிட்டது, அதற்கு உடம்பை இழுத்துக்கொண்டு போனார். நியூயார்க்குக்கு உடம்பு ஆறிய பிறகு போனார். அவருடைய ஒவ்வொரு சறுக்கலும் எந்த உறுப்பில், எதனால் என்று பிரித்துப் பார்த்தால், ஓடுகிற யாருக்கும் பயன்படுகிற விஷயங்கள் நிறையக் கிடைக்கும். (கீழே வரும் மருந்தளவுகள் டாக்டரிடம் பேசுவதற்கு உதவும். கடையில் நேராகப் போய் வாங்குவதற்கு அல்ல.)

வலி மாத்திரையும் வயிறும்

ஏதென்ஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ராட்கிளிஃபுக்குக் காலில் காயம். வீக்கத்தையும் வலியையும் அடக்க மாத்திரையை அதிக அளவில் எடுக்க வேண்டியிருந்தது. அது வயிற்றைக் கெடுத்தது, சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. போட்டி மாலை 6 மணிக்கு, வெயில் 35 டிகிரியை ஒட்டி. பாதையோ மாரத்தான் என்ற ஊரிலிருந்து கிளம்பி, 10 கி.மீ. தாண்டியதும் 31 வரை பெரும்பாலும் ஏற்றம்.

டைக்ளோபெனாக், இபுபுரோபென், நாப்ராக்சன் எல்லாம் ஒரே குடும்பம். வீக்கத்தை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடம்பு தயாரிக்க விடாமல் இவை தடுக்கின்றன. சிக்கல் என்னவென்றால், அதே பொருள்தான் இரைப்பையின் உள்சுவரைப் புண்ணாகாமல் காப்பதும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைத் திறந்து வைத்திருப்பதும். காலில் வீக்கம் குறையும்போதே வயிற்றின் காவலும் குறைகிறது. வெயிலில் ஓடுகையில் ரத்தம் தோலுக்கும் தசைக்கும் போய்விடுவதால் குடலுக்குக் கிடைப்பது ஏற்கெனவே சொற்பம். இரண்டும் சேர்ந்தால் குடல் சர்க்கரையை உறிஞ்சாது, குமட்டும், வயிற்றைப் பிடுங்கும்.

54 கிலோ எடையுள்ள ஒருவர் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கக்கூடிய மாவுச்சத்து 400 கிராம் சொச்சம். மாரத்தான் வேகத்தில் அது 30 கி.மீ.க்கு மேல் தீர ஆரம்பிக்கும். வழியில் குடிக்கிற சர்க்கரைத் தண்ணீரும் ஜெல்லும் மணிக்கு 60 கிராமாவது உள்ளே போனால்தான் மிச்சத் தூரம் ஓடும். குடல் வாங்க மறுத்தால் வண்டி எந்த இடத்தில் நிற்கும் என்பதற்கு 36 கி.மீ. கச்சிதமான விடையாகவே எனக்குப் படுகிறது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது: நெடுந்தூரப் போட்டிக்கு 48 மணி நேரம் முன்பிருந்து இந்தக் குடும்பத்து மாத்திரை எதுவும் வேண்டாம், ஓடும்போது அறவே வேண்டாம். காலையில் ஒரு வலி ஊசி போட்டுக்கொண்டு ஸ்டார்ட்டிங் லைனுக்கு வருவது நம்மூர் ஓட்டக்காரர்களிடையேயும் இருக்கிற பழக்கம்தான். வலி தெரியாது என்பது மட்டுமே அதில் கிடைக்கும் லாபம். நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகம் அடிவாங்கும், பயந்துபோய் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும். ஓடி முடித்த பின்னும், தண்ணீர் குடித்து, சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகும்வரை மாத்திரையைத் தொட வேண்டாம். மாத்திரை இல்லாமல் அடிபட்ட காலில் பத்துத் தடவை நொண்டி அடிக்க முடியவில்லை என்றால், அந்தக் கால் 42 கி.மீ.க்குத் தயாரில்லை.

போட்டிக்கு முந்தைய 36 முதல் 48 மணி நேரம் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து ஏற்ற வேண்டும் என்பார்கள். 54 கிலோவுக்கு 540 கிராம் வரை வருகிறது. வெறும் சாதமாகச் சாப்பிட்டால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 கிலோ சாதம். யாராலும் ஆகாது. அதனால்தான் ஜூஸ், தேன், ரொட்டி-ஜாம், வாழைப்பழம் என்று கலந்து அடிக்கிறார்கள். கீரை, சுண்டல், முழுத்தானியம் எல்லாம் நல்லவைதான், ஆனால் போட்டிக்கு முந்தைய ஒன்றரை நாள் மட்டும் அவற்றை ஒதுக்க வேண்டும். 2005 லண்டன் மாரத்தானில் வயிறு முறுக்கி, தொலைக்காட்சி கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்க, ராட்கிளிஃப் சாலையோரம் ஒதுங்கி உட்கார வேண்டிவந்தது. சில விநாடிதான். எழுந்து ஓடி 2:17:42-இல் ஜெயித்தார். பெண்கள் மட்டும் ஓடும் பந்தயத்தில் அந்த நேரம் 2017 வரை உலகச் சாதனை. கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டு ஓடியிருந்தால் இழப்பு நிமிடக் கணக்கில் இருந்திருக்கும்.

14 வயதில் வந்த இழைப்பு

ராட்கிளிஃபுக்கு ஆஸ்துமா என்று தெரிந்தபோது வயது 14. பெட்ஃபோர்டில் அலெக்ஸ் ஸ்டான்டனிடம் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த காலம். இன்ஹேலரோடுதான் 1992-இல் பாஸ்டனில் பனி மூடிய மைதானத்தில் உலக ஜூனியர் கிராஸ் கன்ட்ரி தங்கம் வாங்கினார். இரண்டாவதாக வந்த சீனத்து வாங் ஜுன்சியா அடுத்த ஆண்டே 10,000 மீட்டர் உலகச் சாதனையை வாரிக்கொண்டு போனவர். 2003 ஏப்ரல் 13 அன்று லண்டனில் 2:15:25 ஓடியதும் அதே ஆஸ்துமாவோடுதான். அந்த நேரம் உலகச் சாதனையாக 16 வருஷம் நின்றது. 2019-இல்தான் பிரிஜிட் கோஸ்கெய் 2:14:04 ஓடி உடைத்தார்.

நம் வீடுகளில் இன்ஹேலர் என்றாலே “பழகிடும், அப்புறம் விடவே முடியாது” என்கிற பயம் இருக்கிறது. மாத்திரையாக விழுங்கினால் மருந்து உடம்பு முழுக்கப் போகிறது. இன்ஹேலரில் அதைவிடப் பல மடங்கு குறைந்த மருந்து, வேண்டிய இடத்துக்கு நேராகப் போகிறது. பயப்படவேண்டியது எதற்கென்றால், தினமும் எடுக்க வேண்டிய காக்கும் மருந்தை விட்டுவிட்டு, உடனடி நிவாரணத்துக்கான நீல நிற இன்ஹேலரை மட்டுமே நம்பி ஓடுவதற்கு.

வேகமாக ஓடும்போது நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் காற்று உள்ளே போய் வருகிறது. மூக்கால் சமாளிக்க முடியாது, வாய் வழியே போகும். ஈரமும் சூடும் ஏறாத அந்தக் காற்று மூச்சுக்குழாயின் உள்பக்கத்தை உலர்த்துகிறது. உலர்ந்த சுவர் எரிச்சலாகி, சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. ஓடும்போதைவிட ஓடி நிறுத்திய 5 முதல் 15 நிமிடத்துக்குள்தான் இறுக்கம் உச்சத்துக்குப் போகும். “நல்லாத்தான் ஓடினேன், நின்னதும் இருமல்” என்று யாராவது சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால் ஊதிப் பார்க்கும் பரிசோதனை, ஸ்பைரோமெட்ரி, செய்ய வேண்டும். உட்கார்ந்த நிலையில் ஊதினால் பெரும்பாலான ஓட்டக்காரர்களுக்கு எல்லாம் சரியென்றே வரும். 6 முதல் 8 நிமிடம் கடினமாக ஓடவிட்டு, 5, 10, 15-ஆவது நிமிடத்தில் ஊதச் சொல்ல வேண்டும். முதல் விநாடியில் வெளிவரும் காற்று 10 சதவீதமோ மேலேயோ குறைந்தால் அது ஆஸ்துமா வகை இறுக்கம். இன்னொன்றும் உண்டு. சத்தம் மூச்சை உள்ளே இழுக்கும்போது வந்து, தொண்டையில் அடைப்பதுபோல் இருந்து, நின்ற இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டால் அது குரல்நாண் இறுக்கம். அதற்கு இன்ஹேலர் வேலை செய்யாது, மூச்சுப் பயிற்சிதான் வழி. இரண்டையும் குழப்பி வருஷக்கணக்கில் மருந்து இழுப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஓடுவதற்கு 10–15 நிமிடம் முன்பு நீல இன்ஹேலர். குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, வாயால் கவ்வி, அமுக்கும்போதே மெதுவாக 4–5 விநாடி இழுத்து, 10 விநாடி நிறுத்த வேண்டும். அடுத்த அமுக்கத்துக்கு அரை நிமிடமாவது இடைவெளி. மருந்து தொண்டையில் அடித்து நாக்கில் கசந்தால் முக்கால்வாசி வீண், ஸ்பேசர் குழாய் வைத்து இழுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பிறகு வாய் கொப்பளிக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அவசர இன்ஹேலர் தேவைப்பட்டால் ஆஸ்துமா அடங்கவில்லை என்று அர்த்தம். டாக்டரிடம் காக்கும் மருந்தைக் கூட்டுவது பற்றிப் பேச வேண்டும்.

வார்ம்-அப்பில் ஒரு சூட்சுமம். 10 நிமிடம் மெல்லோட்டம், பிறகு 30 விநாடி வேகம், ஒரு நிமிடம் நடை என்று 6 முதல் 8 தடவை. முடித்து 10 நிமிடம் கழித்துப் போட்டிக்குப் போனால், இந்தத் தொந்தரவு உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் மூச்சுக்குழாய் லேசில் இறுகாது.

மாவட்டம், மாநிலம் என்று போட்டிக்குப் போகிறவர்கள் ஊக்கமருந்து விதியையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நீல இன்ஹேலரில் வழக்கமாக இருக்கும் சால்பியூட்டமாலை இழுப்பதற்கு அனுமதி உண்டு: 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-க்கு மேல் போகக்கூடாது. ஒரு அமுக்கம் வழக்கமாக 100 மைக்ரோகிராம். மாத்திரையாக எடுத்தால் தடை. அதே வகை மருந்தான டெர்பியூட்டலின் தடைப் பட்டியலில் இருக்கிறது. நம்மூரில் விற்கிற பல இருமல் சிரப்புகளில் அது இருக்கும், லேபிளைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ரத்தம்

ஜூனியராக இருந்தபோதே ராட்கிளிஃபுக்கு ரத்தசோகையும் இருந்தது. ஓடும் பெண்களிடம் இது சர்வ சாதாரணம். மாதவிடாயில் போகிறது, வியர்வையில் போகிறது, தரையில் பாதம் அடிக்கும்போது சிவப்பணு உடைந்து போகிறது, சாப்பாட்டில் உள்ளே வருவது போதவில்லை.

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து “12 இருக்கு, நார்மல்” என்று திரும்பிவிடக் கூடாது. பெரிட்டின் பார்க்க வேண்டும். அது இரும்பின் சேமிப்புக் கணக்கு. சேமிப்பு காலியாகி வெகுநாள் கழித்துத்தான் ஹீமோகுளோபின் இறங்கும். பெரிட்டின் 30–35-க்குக் கீழே போனால், வழக்கமான வேகமே மூச்சு வாங்கவைக்கும், படியேறினால் தொடை கனக்கும். ரத்தம் கொடுக்கும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். காய்ச்சலோ முந்தைய நாள் நெடுந்தூர ஓட்டமோ இருந்தால் பெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். ஓய்வு நாள் முடிந்த காலையில் கொடுப்பதே சரி.

கடினமாக ஓடி 3 முதல் 6 மணி நேரத்துக்குள் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடலில் இரும்பு நுழையும் கதவைச் சாத்திவிடும். அதனால் இரும்பு மாத்திரையைக் காலையில் ஓட்டத்துக்கு முன்போ, முடித்த அரை மணிக்குள்ளோ எலுமிச்சை ஜூஸோடு எடுப்பது மேல். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் உடம்பில் சேர்வது அதிகம், மலச்சிக்கலும் குறைவு. டீ, காபி முன்பும் பின்பும் ஒரு மணி நேரம் கூடாது. கால்சியம் மாத்திரையை ராத்திரிக்குத் தள்ளுங்கள். 8 முதல் 12 வாரம் கழித்துத் திரும்பப் பரிசோதனை. அறிக்கை இல்லாமல் தானாக இரும்பு சாப்பிடுவது ஆபத்து. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களுக்கு ஹீமோகுளோபின் குறைவாகவும் இரும்பு நிறையவும் இருக்கலாம்.

எலும்பு

இவருடைய கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். மூன்று விரிசல், மூன்று பாடம்.

முதலாவது 1994. பாதத்தில் எலும்பு விரிசல். அது விரிசல் என்று உடனே கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த சீசனே போயிற்று, ஓட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்குப் போனார். எலும்பு விரிசல் ஒரே அடியில் வருவதில்லை. தினமும் ஏற்படும் நுண்ணிய சேதத்தை உடம்பு தினமும் பூசிக்கொண்டிருக்கும், பூச்சு வேலையைவிட இடிப்பு வேகமாகும்போது வரும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. “எக்ஸ்ரே கிளியர், ஓடலாம்” என்று கிளம்பிப்போய் மாட்டிக்கொள்வது இங்கேதான். தசை வலி பரவலாக இருக்கும், ஓட ஓடச் சூடேறிக் குறையும். எலும்பு வலியை ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டலாம், ஓட ஓடக் கூடும், பிறகு ராத்திரிப் படுக்கையிலும் விண்விண்ணென்று தெறிக்கும். இப்படி இருந்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்தி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். தொடை எலும்பின் கழுத்து, பாதத்தின் நடுவே படகு எலும்பு, முழங்காலின் கீழ் முன்னெலும்பின் முகப்பு: இந்த மூன்று இடத்திலும் அலட்சியம் கூடவே கூடாது, முழுதாக முறிந்தால் ஸ்க்ரூ வரை போகும்.

இரண்டாவது 2007. ஜனவரியில் மகள் பிறந்தாள். 12-ஆவது நாளே ராட்கிளிஃப் பயிற்சிக்குத் திரும்பினார். இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடியும் திரிக எலும்பில் விரிசல் விழுந்தது. பிரசவம் முடிந்து மாதக்கணக்கில் இடுப்பு மூட்டுகளின் இணைப்பு தளர்ந்தே இருக்கும், பால் கொடுக்கும்போது எலும்பிலிருந்து கால்சியம் போகும், தூக்கமும் கிடையாது. அந்த இடத்து விரிசல் பிட்டத்தில் ஒரு பக்கமாக வலிக்கும், நரம்பு வலி என்று எண்ணி மாதம் இரண்டு வீணாகும். ஒற்றைக்காலில் நின்றால் சுள்ளென்று பிடித்தால் சந்தேகப்பட வேண்டும்.

பிரிட்டனின் பிசியோதெரபிஸ்ட்கள் 2019-இல் வகுத்த வழிமுறைப்படி, பிரசவத்துக்குப் பின் 12 வாரத்துக்கு முன்பு ஓட்டம் வேண்டாம். 12 வாரம் ஆனாலும் சில சோதனைகள் உண்டு. 30 நிமிடம் வேகநடை, ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்பது, ஒற்றைக்காலில் 10 தடவை உட்கார்ந்து எழுவது, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுவது, ஒரு காலில் 10 தடவை குதிப்பது. எதிலாவது வலியோ, சிறுநீர்க் கசிவோ, அடிவயிற்றில் இறங்குவதுபோல் கனமோ இருந்தால் இடுப்புத் தளத் தசையைப் பலப்படுத்திவிட்டுத் திரும்ப வர வேண்டும். சிசேரியன் என்றால் தழும்பு ஆறியதையும் பார்க்க வேண்டும். அந்த விரிசல் ஆறி, செப்டம்பரில் கிரேட் நார்த் ரன்னில் இரண்டாவதாக வந்து, நவம்பர் 4 அன்று நியூயார்க்கில் 2:23:09-இல் ஜெயித்தார் ராட்கிளிஃப். ஜனவரியில் காட்டிய அவசரத்தை விட்டு, நவம்பர் வரை பொறுத்ததால் கிடைத்த வெற்றி.

மூன்றாவது 2008, தொடை எலும்பு. பெய்ஜிங்குக்கு மூன்று மாதம்தான் இருந்தது. தரையில் கால் வைத்து ஓட முடியாது, நுரையீரலை மட்டும் மாற்றுப் பயிற்சியில் காப்பாற்றலாம். பெய்ஜிங்கில் நடந்ததைப் பாருங்கள். பாதி தூரம் வரை முன்னணிக் கும்பலில் இருந்தார். பிறகு கெண்டைக்கால் பிடித்து, நின்று காலை நீட்டி மடக்கி, முடித்தார். மூச்சு தயாராக இருந்தது, கெண்டைக்கால் தயாராகவில்லை.

தண்ணீரில் ஓடினால் இதயம் வேலை செய்யும், எலும்பு ஆறும், ஆனால் தரையை மிதிக்கும் அதிர்ச்சியைத் தசைநார் மறந்துவிடும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் குதிநாணில் ஏறும் இழுவிசை உடல் எடையைப்போல் 6 மடங்குக்குக் குறையாது. அதை நீச்சல்குளம் கற்றுத்தராது. விரிசல் ஆறும் காலத்திலேயே டாக்டர் அனுமதித்தவுடன், படி விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று குதியைத் தூக்கி இறக்குவதை ஆரம்பிக்க வேண்டும். நேர் முழங்காலில் ஒரு தடவைக்கு 25 வரை, மூன்று செட். மடக்கிய முழங்காலில், தொடைமேல் எடை வைத்து உட்கார்ந்தபடி, தனியாக. ஆழமான உள் கெண்டைத்தசை அதில்தான் பலப்படும்.

குளத்தில் ஓடுவதிலும் முறை இருக்கிறது. மிதவைப் பெல்ட், கால் தரையைத் தொடாத ஆழம், உடம்பு செங்குத்தாக. முன்னே சாய்ந்தால் நீச்சலாகிவிடும். தண்ணீரில் இதயத்துடிப்பு தரையைவிட 10 வரை குறைவாகவே காட்டும், அதனால் வாட்சைப் பார்க்காமல் மூச்சை வைத்து அளக்க வேண்டும். 3 நிமிடம் கடினம், ஒரு நிமிடம் லேசு, 8 தடவை. சலிப்புத்தான் இதன் பெரிய எதிரி.

தரைக்குத் திரும்பும் ஏணி இப்படி. 30 நிமிடம் வேகநடை வலியில்லாமல் மூன்று நாள். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், 4 நிமிடம் நடை, 6 தடவை. ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும். அடுத்து 2-க்கு 3, அடுத்து 3-க்கு 2, அடுத்து 4-க்கு 1. ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று அமர்வு. ஓடும்போதோ மறுநாள் காலை முதல் அடியிலோ பழைய இடத்தில் வலித்தால் ஒரு படி கீழே. 30 நிமிடம் தொடர்ந்து ஓட முடிந்த பிறகே தூரத்தைக் கூட்டுவது, தூரம் நிலைத்த பிறகே வேகம். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டினால் திரும்ப எம்.ஆர்.ஐ. அறைதான்.

ஒரே பருவத்தில் இரண்டாவது விரிசல் வந்தால் பயிற்சி அட்டவணையை மட்டும் குற்றம் சொல்லாமல் சாப்பாட்டையும் மாதவிடாயையும் கேட்க வேண்டும். ஓடும் தூரத்துக்கு ஏற்ற சாப்பாடு இல்லையென்றால் உடம்பு முதலில் மாதவிடாயை நிறுத்தும், அடுத்து எலும்பில் கை வைக்கும். தொடர்ந்து மூன்று மாதம் வராமல் போனால் “நல்ல பயிற்சியின் அடையாளம்” என்று பெருமைப்படுகிற கோச்சுகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வைட்டமின் டி அளவையும் ஒருமுறை பார்க்கலாம்.

77 நாளில் என்ன நடக்கும்

11 வாரத்தில் யாரும் மாரத்தான் சாம்பியன் ஆவதில்லை. ஆண்ட்ரூ ஜோன்ஸ் என்ற உடலியங்கியல் நிபுணர் ராட்கிளிஃபை 1992 முதல் ஆய்வுக்கூடத்தில் அளந்து வந்தார். உச்ச ஆக்சிஜன் அளவு, அதாவது முழு முயற்சியில் உடம்பு ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன், அத்தனை ஆண்டும் கிலோவுக்கு 70 மி.லி. பக்கத்திலேயேதான் இருந்தது. மாறியது சிக்கனம். மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் ஓட, ஒரு கி.மீ.க்குக் கிலோவுக்கு 205 மி.லி. ஆக்சிஜன் செலவழித்தவர், 2003-இல் 175 மி.லி.யில் அதே வேலையை முடித்தார். 15 சதவீத மிச்சம், 11 வருஷத்து உழைப்பு. அந்த அஸ்திவாரம் காயத்தில் அழிவதில்லை. ஆறிய எலும்பின்மேல் தசைநாரை மறுபடி முறுக்கேற்ற 11 வாரம் போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான். பெய்ஜிங் ஓட்டமே அந்த நவம்பருக்கு ஒரு நீண்ட பயிற்சி ஓட்டமாக ஆகிவிட்டது எனலாம். முதல் மாரத்தானுக்குத் தயாராகிறவர் இந்தக் கணக்கைக் காப்பியடிக்கக் கூடாது. காயம் ஆறி, தொடர்ந்து 30 நிமிடம் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து 16 முதல் 20 வாரம் வைத்துக்கொள்வது நியாயம்.

எல்லா விபத்தும் ஒரே ரகமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2003 லண்டன் சாதனைக்குச் சில வாரம் முன்பு, அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் பயிற்சியின்போது சைக்கிள் மோதி விழுந்து ராட்கிளிஃபின் தாடை விலகியது. ஆனாலும் உலகச் சாதனை ஓடினார். முதல் பாதி 68:02, இரண்டாம் பாதி 67:23. தாடை ஓடுவதில்லை, சிராய்ப்பு ஆறிவிடும். தொடை எலும்பிடம் அந்த வீரம் செல்லாது. எதைத் தாங்கிக்கொண்டு ஓடலாம், எதை ஓடக்கூடாது என்று பிரித்தறிவதற்கே நல்ல பிசியோதெரபிஸ்ட் தேவை. இவருக்கு அயர்லாந்தின் ஜெரார்ட் ஹார்ட்மன் அப்படி வாய்த்தார்.

பழைய பாதம்

1994-இல் தவறவிட்ட அந்தப் பாத விரிசல் 18 வருஷம் கழித்து வாசலில் வந்து நின்றது. நடுப்பாத மூட்டு தேய்ந்துபோய், சொந்த ஊர் ஒலிம்பிக்கான 2012 லண்டனிலிருந்து விலகினார். பிறகு பாதத்தில் அறுவை சிகிச்சை.

நடுப்பாத மூட்டுத் தேய்மானத்தோடு ஓட நினைப்பவர்களுக்கு ஷூதான் முதல் மருந்து. மெத்தென்று எல்லாப் பக்கமும் வளையும் ஷூ நன்றாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் வளைவு முழுதும் தேய்ந்த மூட்டில்தான் விழும். நடுவே வளையாத, முன்பக்கம் படகுபோல் மேலே வளைந்த அடிப்பாகம் வேண்டும். கடையில் ஷூவை இரண்டு முனையிலும் பிடித்து மடக்கிப் பாருங்கள், விரல் மூட்டுக்குப் பின்னால் மடங்கினால் வைத்துவிடுங்கள். பாதத்தின் மேல்பக்கம் எலும்பு புடைத்திருந்தால் லேஸ் அதன்மேல் அழுத்தும். புடைப்புக்கு நேராக இருக்கும் துளை ஜோடியில் குறுக்கே கட்டாமல், இருபக்கமும் லேஸை நேராக மேல் துளைக்கு ஏற்றி அதற்கு மேலே குறுக்குக் கட்டைத் தொடர வேண்டும். முடிச்சை இறுக்கியதும் புடைப்பின்மேல் ஒரு விரல் நுழைய இடம் இருந்தால் சரியாகக் கட்டியிருக்கிறீர்கள்.

2015 ஏப்ரல் 26 அன்று, 41 வயதில், பொதுமக்கள் கூட்டத்தோடு சேர்ந்து கிளம்பி லண்டன் மாரத்தானைக் கடைசியாக ஓடினார். 2:36:55. தலை மட்டும் அதேபோல் ஆடிக்கொண்டே வந்தது.